வெப்பத்தைக் காணும் கண்

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்கு ஏறும் சாலையில், மலைவளைவுகள் தொடங்குவதற்கு முன் கல்லாறு என்னும் சிற்றூர் இருக்கிறது. பெயரே அதன் இயல்பைச் சொல்லிவிடும். உருண்டு வழவழத்த பாறைகளுக்கிடையே தெளிந்த நீர் ஓட, இருமருங்கும் காடு அடர்ந்து நிற்கும். மலைமேல் பெய்த மழை, கீழே வானம் வெளுத்திருக்கும்போதே வெள்ளமாய் இறங்கிவிடுவது இத்தகைய மலையாறுகளின் குணம். ஆகவே, உயரே திரளும் மேகத்தை நள்ளிரவிலும் காணவல்ல கண் ஒன்று வேண்டும் என்பது, மலையடிவாரத்து மக்களுக்கு வெறும் விஞ்ஞான ஆவல் அன்று; உயிர்க்காப்பு. இருளில் வெப்பத்தையே ஒளியாகக் காணும் அந்தக் கண் உருவான வரலாற்றை இங்கே காண்போம்.

வெப்பத்தை முறையாக அளக்கும் பணி இப்பகுதிக்குப் புதிதன்று. சுவாதித் திருநாள் மகாராஜா 1837-ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் வானாராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவினார். அதன் முதல் தலைவரான ஜான் கால்டெகாட், 1842 முதல் 1845 வரை வெப்பமானிகளை நிலத்துள் புதைத்து, மண்ணின் வெப்பநிலையைக் குறித்து வந்தார். பின்னர் 1852-இல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் பிரௌன், 1855-இல் அகத்தியர் மலையின் உச்சியிலேயே ஓர் ஆராய்ச்சி நிலையத்தை அமைத்தார். கல்லாற்றுக்குத் தென்கிழக்கே, அதே மேற்குத் தொடர்ச்சி மலையில், 1,868 மீட்டர் உயர்ந்து நிற்பது அம்மலை. உச்சியின் வெப்பத்தை அறிய உச்சிக்கே ஏறவேண்டியிருந்த காலம் அது. தொட்டாலன்றி வெப்பமானி பேசாது.

ஆயினும், தொடாமல் அறியும் வழி இங்கிலாந்தில் 1800-ஆம் ஆண்டிலேயே தென்பட்டுவிட்டது. யுரேனஸ் கோளைக் கண்டறிந்த வில்லியம் ஹெர்ஷல், கதிரவனின் ஒளியை முப்பட்டகக் கண்ணாடியால் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கும் அப்பால், கண்ணுக்கு ஒன்றும் புலப்படாத இடத்தில் பாதரசம் மேலும் ஏறியது. அகச்சிவப்புக் கதிர் என்று நாம் இன்று வழங்குவது இதனையே. இச்சோதனையில் சிந்திக்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. கதிரில் வைத்த வெப்பமானிக்குத் துணையாக வேறு வெப்பமானிகளையும் அவர் ஒதுக்குப்புறத்தில் வைத்திருந்தார். அறையின் வெப்பம் எவ்வளவு, கதிர் தந்த வெப்பம் எவ்வளவு என்று பிரித்தறிய வேண்டுமன்றோ?

ஏறத்தாழ 80 ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்க அறிஞர் சாமுவேல் லாங்லி போலோமீட்டர் என்னும் கருவியை அமைத்தபோதும் இதே நெறியையே கையாண்டார். மெல்லிய பிளாட்டினக் கீற்றுகள் இரண்டு; ஒன்று கதிரை ஏற்கும், மற்றது மறைவில் இருக்கும். சூடேறிய கீற்றில் மின்தடை மாறும். இரண்டின் வேற்றுமையே அளவு.

இன்றைய வெப்பப் படக் கருவிகள் பலவற்றின் உள்ளே இருப்பவை அந்தக் கீற்றின் பேரப் பிள்ளைகளே எனலாம். அமெரிக்காவில் 1980-களில் உருவான நுண்போலோமீட்டரில், தலைமயிரினும் குறுகிய ஆயிரக்கணக்கான தகடுகள் சிலிக்கன் தளத்தின்மீது மெல்லிய கால்களில் நிற்கின்றன. எதிரே உள்ள பொருளின் வெப்பம் ஒரு டிகிரி மாறினால், தகட்டின் வெப்பம் நூற்றில் ஒரு டிகிரி அளவுகூட மாறுவதில்லை. ஆதலால், செய்து பார்த்துத் திருத்துவதற்கு முன், ஒவ்வொரு தகட்டிற்கும் வெப்பத்தின் வரவு செலவுக் கணக்கு எழுதப்படுகிறது. இதுவே கணித மாதிரி. பொருளிலிருந்து வரும் கதிர், கருவியின் கூட்டிலிருந்தும் வில்லையிலிருந்தும் வரும் கதிர், அளப்பதற்காகச் செலுத்தும் மின்சாரம் தரும் சூடு ஆகியவை வரவு. கால்கள் வழியே தளத்திற்குக் கசிவதும் கதிராய்த் திரும்புவதும் செலவு. காற்று சூட்டைக் கவர்ந்துவிடாதபடி அனைத்தையும் வெற்றிடத்தில் அடைத்துவிடுகின்றனர்.

கால்களை மெலிவித்தால் வெப்பம் தங்கும், நுண்ணுணர்வு மிகும். ஆயின் பழைய காட்சியின் சூடு தணியுமுன் புதிய காட்சி வந்து கலந்துவிடும். கால்களைத் தடித்தால் விரைவு கிட்டும், உணர்வு குன்றும். இவ்விரண்டிற்கும் நடுவே தக்க அளவைக் காண்பதே மாதிரியின் வேலை. இத்தகைய கருவிகள் பலவற்றில் அவ்வப்போது ஒரு மூடி கண நேரம் மூடித் திறக்கும். அம்மூடி அறிந்த வெப்பமுடையது. அதைப் பார்த்துக் கருவி தன்னைத் திருத்திக்கொள்கிறது. ஹெர்ஷலின் துணை வெப்பமானி மறுவேடம் பூண்டு வந்தது போன்றது இது.

வானத்திலும் இதே கதை. 1964-இல் அமெரிக்காவின் நிம்பஸ் துணைக்கோள் மேகங்களை இரவிலும் அகச்சிவப்பில் படமெடுத்தது. திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் 1963-இல் முதல் ஏவுகலம் விண்ணேறிய நாடு, 1983 முதல் இன்சாட்-1பி துணைக்கோள் வழியே மேகப் படங்களைப் பெற்றது. 1992-இல் ஏவிய இன்சாட்-2ஏ துணைக்கோளின் கருவி அகமதாபாத்தில் உருவானது. இவற்றின் உணரிகள் நுண்போலோமீட்டரின்று வேறுபட்டவை. மிகக் குளிர்ந்த நிலையிலேயே வேலை செய்பவை. தம் சூடு தம் பார்வையை மறைக்கலாகாது என்பதே காரணம். அவையும் உடன் சுமந்து செல்லும் கரும்பொருளைப் பார்த்தே தம் அளவைச் சரிபார்க்கின்றன.

மும்பையிலோ தில்லியிலோ வாழும் தமிழர், ஐப்பசி கார்த்திகை இரவுகளில் வங்கக் கடலின் மேகப் படத்தைக் கவலையோடு நோக்குவர். ஊரில் பெற்றோர் இருப்பர். கடலில் உறவினர் இருப்பர். அந்த இரவுப் படம் ஒளிப்படம் அன்று, வெப்பப் படம். மிக வெண்மையாகத் தோன்றுவது மிகக் குளிர்ந்த மேகமுகடு. குளிர்ந்தது என்றால் உயர்ந்தது.

ஆயினும் அக்கண் முகட்டைக் காணுமேயன்றி, அடியில் விழும் மழையைக் காணாது. மழையற்ற மென்மேகமும் உயரத்தில் குளிர்ந்தே தோன்றும். இன்சாட்-2ஏ படத்தின் ஒரு புள்ளி 8 கிலோமீட்டர் அகலம். 2013-இல் ஏவிய இன்சாட்-3டி அதனை 4 கிலோமீட்டராகக் குறைத்தது. அப்போதும் கல்லாறு போன்ற ஒடுங்கிய பள்ளத்தாக்கு ஒரு புள்ளிக்குள் மறைந்துவிடக் கூடும். எனவே கால்டெகாட்டும் பிரௌனும் தொடங்கிய வேலை முடிந்துவிடவில்லை. மலைமேல் மழைமானியும், அதைப் படித்துச் சொல்ல ஆளும், சொல்லைக் கேட்டு ஆற்றைவிட்டுக் கரையேறும் மக்களும் இருந்தால்தான் விண்ணிலுள்ள கண்ணுக்குப் பயன் உண்டு.