ஓர் ஊரும் ஒரு சொல்லும்

அணைக்கட்டுத் திறப்பு விழா என்றால் பேச்சுக்குக் குறைவிருக்காது. ஆனால் 1965-ஆம் வருஷம் அக்டோபர் 21-ஆம் தேதி, வேல்ஸ் நாட்டின் வடக்கே பாலா என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் நடந்த ஒரு திறப்பு விழா மூன்று நிமிஷம்கூட நீடிக்கவில்லை. ஒலிபெருக்கியின் கம்பியை யாரோ அறுத்துவிட்டார்கள். கற்கள் பறந்தன. கூட்டத்தின் கூச்சலில் லிவர்ப்பூல் நகரசபைப் பெரியவர்கள் பேசியது ஒருவர் காதிலும் விழவில்லை.

அந்த அணைக்குப் பின்னால், தண்ணீருக்கு அடியில், கேப்பல் கெலின் என்று ஓர் ஊர் இருந்தது. இருந்தது என்று எழுதுவதா, இருக்கிறது என்று எழுதுவதா என்று எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை.

பெரிய ஊர் அல்ல. ஒரு பள்ளிக்கூடம், ஒரு தபாலாபீஸ், ஒரு பிரார்த்தனைக் கூடம், அதை ஒட்டிக் கல்லறைத் தோட்டம், சுற்றிலும் பண்ணைகள். ட்ரவெரின் ஆற்றின் அந்தப் பள்ளத்தாக்கில் வாழ்ந்தவர்கள் 67 பேர். அவர்களில் 48 பேர் வீடு இழந்தார்கள். நாற்பத்தெட்டுப் பேருக்காக ஒரு கட்டுரையா என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அடுப்படியிலும் சந்தையிலும் பிரார்த்தனையிலும் அந்த ஊரார் பேசியது வேல்ஷ் மொழி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேல்ஸ் ஜனங்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தெரிந்திருந்த மொழி அது. 1961-ஆம் வருஷக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு 26 பேராகக் குறைந்துபோயிற்று. ஆகவே இப்படிப்பட்ட ஊர்கள் விதைநெல் வைத்த பத்தாயம் மாதிரி. பத்தாயத்தில் எத்தனை படி நெல் என்று எண்ணி அதன் மதிப்பைச் சொல்லிவிட முடியாது.

லிவர்ப்பூலை அரக்கனாகச் சித்திரிப்பது சுலபம், ஆனால் சரியல்ல. அது பெரிய துறைமுகப் பட்டணம். யுத்தத்தில் குண்டு வீச்சால் சிதைந்து, மறுபடி எழுந்துகொண்டிருந்த ஊர். அதற்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. வேல்ஸிலிருந்து பிழைக்கப் போனவர்கள் அங்கே ஏராளமாகக் குடியேறியிருந்தார்கள். வேல்ஷ் மொழியின் பெரிய கலைவிழாவே அந்த நகரத்தில் நடந்திருக்கிறது. முன்பே 1880-களில் லான்வுத்தின் என்ற வேல்ஸ் கிராமத்தை மூழ்கடித்து வெர்னுவி ஏரியைக் கட்டியதும் லிவர்ப்பூல்தான். அப்போது பெரிய ரகளை ஒன்றும் எழவில்லை. மறுபடியும் எழாது என்று நகரசபை நினைத்ததில் ஆச்சரியமில்லை.

தங்கள் ஊர் மூழ்கப்போகிறது என்ற செய்தியைக் கேப்பல் கெலின் ஜனங்கள் 1955 டிசம்பரில் பத்திரிகை பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். மறு வருஷம் நவம்பர் 21-ஆம் தேதி குழந்தை குட்டிகளோடு லிவர்ப்பூலுக்கே போய் வீதிகளில் ஊர்வலம் நடத்தினார்கள். அந்தப் புகைப்படங்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு வந்திருக்கிறார்கள், கோயிலுக்குப் போகிறவர்கள் மாதிரி. ஓர் அட்டையில், உங்கள் வீடுகள் பத்திரமாக இருக்கின்றன, எங்கள் வீடுகளைக் காப்பாற்றுங்கள் என்று எழுதியிருக்கிறது. பெரிய நகரமாக இரு, பெரிய போக்கிரியாக இராதே என்று கெஞ்சுகிறது இன்னொன்று.

இனிமேல்தான் விஷயம். சாதாரண வழியில் போனால் வேல்ஸிலுள்ள உள்ளூர் சபைகளிடம் அனுமதி கேட்க வேண்டும், அவை மறுத்துவிடும். எனவே லிவர்ப்பூல் நேரே லண்டன் பார்லிமெண்டுக்குப் போய்த் தனி மசோதா ஒன்றைக் கொண்டுவந்தது. 1957 ஆகஸ்டு முதல் தேதி அது சட்டமாயிற்று. வேல்ஸ் தேர்ந்தெடுத்து அனுப்பிய அங்கத்தினர் 36 பேர். அவர்களில் 35 பேர் அதை எதிர்த்தவர்கள். மிஞ்சிய ஒருவர் வாக்களிக்கவில்லை. ஆதரித்து வாக்களித்த வேல்ஸ் அங்கத்தினர் ஒருவர்கூட இல்லை. அதனால் என்ன? சபையின் மொத்த அங்கத்தினர் 630 பேர். முப்பத்தாறு பேரும் ஒரே குரலில் வேண்டாம் என்று சொன்னாலும் அந்தக் கூடத்தில் அது ஒரு மூலையின் முணுமுணுப்புத்தான்.

வேல்ஸ் விவகாரங்களுக்கென்று அப்போது ஒரு மந்திரி இல்லாமலில்லை. வீட்டு வசதி மந்திரி ஹென்றி புரூக் அதையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தொகுதி லண்டனிலுள்ள ஹாம்ஸ்டெட். அவர் மசோதாவை ஆதரித்தார்.

1963-இல் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். அந்த செப்டம்பரில் பிரார்த்தனைக் கூடத்தில் கடைசி வழிபாடு நடந்தது. கல்லறையிலிருந்து சிலருடைய எலும்புகளை உறவினர் எடுத்துக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் மேல் கான்கிரீட் போட்டு மூடப்பட்டது. நாவலாசிரியன் கற்பனையில் இதை எழுதினால் மிகை என்று விமர்சகர்கள் கண்டிப்பார்கள்.

திறப்பு விழா முடிந்து சரியாக ஒரு வருஷம். 1966 அக்டோபர் 21-ஆம் தேதி தெற்கு வேல்ஸில் அபர்வான் என்ற ஊரில், மலைச்சரிவில் நிலக்கரிக் கழிவைக் கொட்டிக் குவித்திருந்த மேடு சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. 116 குழந்தைகளும் 28 பெரியவர்களும் மாண்டார்கள். தேதி ஒற்றுமை தற்செயல்தான். நான் ஜோசியம் பார்க்கவில்லை. அதற்குப் பின் நடந்ததைக் கவனிக்க வேண்டும். மிஞ்சிய கழிவு மேடுகளை அகற்றும் செலவில் ஒன்றரை லட்சம் பவுனை, பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களுக்காக உலகம் அனுப்பிய நன்கொடை நிதியிலிருந்தே எடுத்துக்கொண்டது சர்க்கார். அந்த ஒன்றரை லட்சம் 1997-இல் திரும்பி வந்தது. வட்டி கிடையாது. அடுத்த பத்து வருஷத்துக்குள் வேல்ஸுக்கென்று ஒரு சர்க்கார் வந்துவிட்டது. 2007-இல் அது அபர்வான் அறநிலையங்களுக்கு 20 லட்சம் பவுன் கொடுத்தது. அதே கஜானாவின் பணம்தான். கொடுத்த கை வேறு.

அந்தக் கை எப்படி வந்தது என்பது நேர்கோட்டுக் கதை அல்ல. ட்ரவெரின் கொதிப்பில் ஜனங்கள் திரண்டெழுந்து சுயாட்சி வாங்கிவிட்டார்கள் என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும், ஆனால் பொய். 1964-இல் வேல்ஸுக்கென்று தனி மந்திரியை லண்டன் நியமித்தது. 1966-இல், கேப்பல் கெலினுக்காகப் போராடிய க்வின்வர் எவன்ஸ் கார்மார்தன் இடைத்தேர்தலில் ஜயித்து, வேல்ஸ் தேசியக் கட்சியின் முதல் பார்லிமெண்ட் அங்கத்தினரானார். இவ்வளவும் நடந்த பிறகு, 1979 மார்ச் முதல் தேதி, உங்களுக்கு ஒரு சபை வேண்டுமா என்று கேட்டார்கள். வேல்ஸ் என்ன சொன்னது? வேண்டுமென்றவர்கள் 2,43,048 பேர். வேண்டாமென்றவர்கள் 9,56,330 பேர்! தெற்கே சுரங்கப் பள்ளத்தாக்குகளில் வேல்ஷ் அறியாத தொழிலாளர்கள் இருந்தார்கள். சபை வந்தால் வேல்ஷ் பேசுகிறவர்கள் கை ஓங்கிவிடும் என்று அவர்களில் பலருக்குப் பயம். லண்டனைக் கண்டு பயம், பக்கத்து ஜில்லாவைக் கண்டும் பயம். இரண்டில் அண்டை வீட்டுப் பயம் பலமாக இருப்பது மனித சுபாவம்.

பதினெட்டு வருஷத்தில் அந்தப் பயம் இடம் மாறியது. சுரங்கங்கள் மூடப்பட்டன. 1987 முதல் 1997 வரை வேல்ஸ் மந்திரிகளாக வந்த நான்கு பேருமே இங்கிலாந்துத் தொகுதிகளின் பிரதிநிதிகள். ஹென்றி புரூக்கின் கதைதான் மறுபடியும். 1997 செப்டம்பர் 18-ஆம் தேதி மறுபடி கேட்டார்கள். இரவெல்லாம் வேண்டாம் என்ற பக்கமே முந்திக்கொண்டிருந்தது. கடைசியாக வந்த முடிவு கார்மார்தன் ஜில்லாவினுடையது. அதுதான் தராசைச் சாய்த்தது. பதினோரு லட்சம் வாக்குகளில் வித்தியாசம் 6,721. முப்பது வருஷத்துக்கு முன் க்வின்வர் எவன்ஸை அனுப்பிய ஊர்ப்பக்கம் அது. அவர் அதைப் பார்க்க உயிரோடிருந்தார். 2005 ஏப்ரலில் காலமானார். அந்த அக்டோபரில் லிவர்ப்பூல் நகரசபை ட்ரவெரினுக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டது.

சபை 1999-இல் கூடியது. இனி, வேல்ஸ் வேண்டாமென்றால் லண்டன் கேட்டுக்கொள்ளுமா?

பார்லிமெண்ட் எதைப் பற்றியும் சட்டம் செய்யலாம் என்பது பிரிட்டிஷ் அரசியலின் அஸ்திவாரம். அதிகாரத்தைப் பிரித்துக் கொடுத்தபோதும் அந்த உரிமையை அது விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு வாக்குறுதி மட்டும் கொடுத்தது. பிரித்துக் கொடுத்த விஷயங்களில், அந்தந்த நாட்டுச் சபையின் சம்மதமில்லாமல் லண்டன் 'சாதாரணமாக'ச் சட்டம் செய்யாது. இதை ஸ்காட்லாந்துக்கான சட்டத்தில் எழுதினார்கள். வேல்ஸுக்காக 2017 ஜனவரி கடைசியில் நிறைவேறிய சட்டத்திலும் எழுதினார்கள். அதற்கு ஒரே வாரத்துக்கு முன்புதான், இந்த வாக்கியம் அரசியல் வழக்கத்தைச் சொல்வது, இதைக் காவல் காப்பது நீதிபதிகளின் வேலை அல்ல என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருந்தது. பூட்டில் சாவி நிற்காது என்று கொல்லன் சொன்ன பிறகு அதே பூட்டை இன்னொரு கதவில் மாட்டினார்கள்.

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இந்த அடைமொழிகளின் குணம் தெரியும். 'சாதாரணமாக அவன் பொய் சொல்ல மாட்டான்' என்று நான் ஒரு பாத்திரத்தைப் பற்றி எழுதினால், அடுத்த அத்தியாயத்தில் அவன் பொய் சொல்லப்போகிறான் என்று வாசகர் புரிந்துகொள்வார். 2020 ஜனவரியில், ஐரோப்பிய யூனியனிலிருந்து விலகும் சட்டத்துக்கு எடின்பரோ, கார்டிஃப், பெல்ஃபாஸ்ட் மூன்று சபைகளும் சம்மதம் மறுத்தன. இது சாதாரண சமயம் அல்ல என்றது லண்டன், சட்டம் நிறைவேறியது. அந்த மே மாதம் வேல்ஸ் சபை செனெத் என்று தன் மொழியில் பெயர் சூட்டிக்கொண்டது. டிசம்பரில் உள்நாட்டு வாணிபச் சட்டம் வந்தது. செனெத் மறுபடி சம்மதம் மறுத்தது. அதுவும் நிறைவேறியது.

அபெரிஸ்ட்வித் பட்டணத்துக்குத் தெற்கே சாலையோரத்தில் இடிந்த வீடொன்றின் சுவர் நிற்கிறது. 1960-களில் மைக் ஸ்டீபன்ஸ் என்ற எழுத்தாளர் அதில், 'ட்ரவெரினை நினைவில் வையுங்கள்' என்று வேல்ஷில் எழுதினார். நம் சந்தி விதிகளைப் போல அம்மொழியிலும் சொற்களின் முதலெழுத்துத் திரியும்; அவசரத்தில் அவர் அதைத் திரிக்காமல் விட்டுவிட்டார். பின்னால் புதுப்பித்தவர்கள் பிழையைத் திருத்தினார்கள். 2019 ஏப்ரலில் யாரோ அந்தச் சுவரில் ஒரு பகுதியை இடித்துத் தள்ளினார்கள். ஜனங்கள் கல்லை எடுத்து மறுபடி அடுக்கினார்கள். அதன்பின் வேல்ஸ் முழுவதும் வேறு வேறு சுவர்களில் அதே இரண்டு வார்த்தைகள் முளைத்தன, பிழையில்லாமல்.