மரத்துக்குள் கேட்ட சத்தம் - ஒரு கூன்வண்டு மத்தியதரைக் கடலைப் பிடித்த கதை

தென்னந்தோப்பு உள்ள ஊர்க்காரர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. தண்டில் சின்ன ஓட்டை, அதிலிருந்து பழுப்பு நிறத்தில் வழியும் சாறு, ஓட்டையின் வாயில் மென்று துப்பிய நார். தோப்புக்காரர் மரத்தில் காதை வைத்துக் கேட்பார். உள்ளே 'கரக் கரக்' என்று சத்தம் வந்தால் கூன்வண்டின் புழு தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். வைத்தியர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பதைப் போலத்தான்!

இந்தச் சிவப்புக் கூன்வண்டுக்கு 1790-இல் பிரெஞ்சுப் பூச்சியியலாளர் ஒலிவியே அறிவியல் பெயர் கொடுத்தார். அதன் சொந்த ஊர் நம் பக்கம்தான், அதாவது தெற்காசியாவும் தென்கிழக்காசியாவும். இரண்டு நூற்றாண்டுகள் கழித்து அதே வண்டு ஸ்பெயின், இத்தாலி, பிரான்ஸ் கடற்கரைச் சாலைகளில் வரிசையாக நின்ற அழகுப் பனைகளைச் சாய்க்கும் என்று அன்று யார் நினைத்திருப்பார்கள்?

கதைக்குள் போவதற்கு முன்னால் பனைக் குடும்பத்து மரங்களின் தண்டைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். வேம்பு, மா போன்ற மரங்களில் பட்டைக்கு அடியில் ஒரு வளர்படலம் உண்டு. வருடா வருடம் அது புதுக் கட்டையை உருவாக்கும், காயம் பட்டால் சுற்றிலும் சதை வளர்ந்து மூடிக்கொள்ளும். தென்னை, பனை, ஈச்சை எதிலும் அந்தப் படலம் கிடையாது. தண்டு முழுக்க நார்க்கற்றைகள் சிதறிக் கிடக்கின்றன, அவ்வளவுதான். ஜெர்மன் தாவரவியலாளர் ஹ்யூகோ ஃபான் மோல் 1831-இலேயே பனைகளின் உள்ளமைப்பை விரிவாக எழுதிவிட்டார்.

இதனால் என்ன? பனைத்தண்டில் விழுந்த காயம் ஒருபோதும் ஆறாது. பத்து வருடம் முன்பு ஆணி அடித்த ஓட்டை இன்றும் அப்படியே இருக்கும். வறட்சியிலோ சத்துக் குறைவிலோ வளர்ந்த காலத்தில் தண்டு குறுகிப் போனால், பிறகு எவ்வளவு உரம் போட்டாலும் அந்த இடம் பருக்காது. மரத்தின் கஷ்ட காலம் அதன் உடம்பிலேயே எழுதி வைத்ததுபோல நிற்கும். இன்னொன்று, உச்சியில் இருக்கும் ஒரே ஒரு குருத்து செத்தால் ஒற்றைத் தண்டு மரம் மொத்தமும் போச்சு. மற்ற மரங்களுக்குச் செய்கிற வைத்தியத்தை அப்படியே பனைக்குச் செய்யப் போனவர்கள் இதை மறந்துதான் மாட்டிக்கொண்டார்கள்.

சரி, வண்டுக்கு வருவோம். 1980-களின் நடுவில் அது வளைகுடா நாடுகளின் பேரீச்சந்தோப்புகளில் தென்பட்டது. அது பறந்து கடல் தாண்டவில்லை. மனிதர்கள்தான் கன்றுகளோடு சேர்த்து அதை ஏற்றுமதி செய்தார்கள். பெண் வண்டு மட்டை வெட்டிய காயத்திலும் தண்டின் வெடிப்பிலும் சுமார் 200 முதல் 300 முட்டைகள் வரை இடும். சில நாளில் வெளிவரும் காலில்லாத புழுக்கள் உள்ளேயே தின்று, 5 செ.மீ. வரை வளர்ந்து, நாரையே சுற்றிக் கூடு கட்டிக்கொள்ளும். முட்டையிலிருந்து வண்டாக மூன்று நான்கு மாதம். அதுவரை வெளியே பார்த்தால் கன்று நல்ல கன்றுதான். துறைமுகத்தில் எந்த அதிகாரி கண்டுபிடிப்பார்?

1990-களின் தொடக்கத்தில் எகிப்து. அதையடுத்து ஸ்பெயினின் தெற்குக் கடற்கரை. அங்கே அப்போது விடுதிகளும் வீடுகளும் மளமளவென்று எழும்பிய காலம். கட்டிடம் முடிந்த மறுநாளே வாசலில் உயரமான மரம் நிற்க வேண்டும் என்று ஆசை. கன்று நட்டு இருபது வருடம் காத்திருக்க யாருக்குப் பொறுமை? எகிப்திலிருந்து வளர்ந்த பேரீச்சை மரங்களையே கப்பலில் இறக்கினார்கள். மரத்தோடு வண்டும் இறங்கியது. 2000-களின் நடுவில் இத்தாலிக்கும், 2006-இல் பிரான்சுக்கும் போய்ச் சேர்ந்தது.

அங்கே அதற்குக் கிடைத்த விருந்து கேனரித் தீவுப் பேரீச்சை. தடித்த தண்டு, குடை போல விரிந்த பெரிய தலை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து நைஸ் முதல் சிசிலி வரை பூங்காக்களையும் சாலைகளையும் அலங்கரித்த மரம் அது. அரபு நாட்டுப் பேரீச்சையில் வண்டு பெரும்பாலும் அடித்தண்டில், பக்கக்கன்றுகள் முளைக்கும் இடத்தில் நுழையும். கேனரி மரத்திலோ தலையில்! கீழே ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்தால் ஒன்றும் அகப்படாது. நடு மட்டைகள் ஒரு பக்கமாகச் சாயும், புது ஓலைகள் கத்தரித்ததுபோல வரும், கடைசியில் தலை மொத்தமும் தளர்ந்து தொங்கும். அந்த நிலையில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் கோடாலிதான் வைத்தியம்.

கண்டுபிடிக்க என்னென்னவோ செய்தார்கள். 1993-இல் ஆண் வண்டு துணையைக் கூப்பிட விடும் மணப்பொருள் எது என்று தெரிந்தது. அதை வாளியில் தொங்கவிட்டு, பேரீச்சம்பழமும் தண்ணீரும் புளிக்க வைத்துப் பொறி அமைத்தார்கள். இஸ்ரேலில் மோப்ப நாய்களைப் பழக்கிப் பார்த்தார்கள். நம்மூர் தோப்புக்காரர் காதால் கேட்ட சத்தத்தைப் பிடிக்க மின்னணுக் கருவிகள் வந்தன. வண்டி ஓடும் தெருவில் எது புழு, எது எஞ்சின் என்று பிரிப்பதுதான் அந்தக் கருவிகளுக்குப் பெரிய தலைவலி.

எல்லா ஓட்டையும் சாறும் கூன்வண்டு அல்ல என்பதும் சேர்ந்துகொண்டது. தண்டில் சாறு வடியும் நோய் என்று ஒன்று தனியாக உண்டு. அதே பூசணம் சில அழகுப் பனைகளில் தண்டை ஒரு பக்கமாக அழுக வைக்கும். தலை பச்சையாக இருக்கும்போதே மரம் திடீரென்று சரிந்து விழும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பெரிய வில்லன் 'கானோடெர்மா' என்ற காளான். அது அடித்தண்டின் ஒன்றரை மீட்டர் உயரம் வரை உள்ளே அரித்துவிட்டு, அப்புறம்தான் வெளியே அலமாரிப் பலகை போல முளைக்கும். மரச்சுத்தியால் தட்டினால் உள்ளே வெற்றுச் சத்தம் கேட்கலாம். மருந்து கிடையாது. மரத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மறுபடி பனை வைக்காதீர்கள் என்கிறார்கள். நம் தஞ்சாவூர் வாடல் நோய் இந்தக் காளானின் சொந்தக்காரன்தான். 1952 புயலுக்குப் பிறகு தஞ்சையில் தென்பட்டதால் அந்தப் பெயர்.

கூன்வண்டுக்கு வைத்தியம் உண்டு, சீக்கிரம் பிடித்தால். குருத்து உயிரோடு இருந்தால் கெட்ட சதையை நல்ல இடம் தெரியும் வரை செதுக்கி எடுப்பார்கள். மொட்டையாக நிற்கும் மரம் சில மாதத்தில் மறுபடி துளிர்க்கும். புழுவைத் தேடித் தின்னும் நுண்ணிய உருளைப்புழுக்களைத் தலையில் ஊற்றுவது ஒரு வழி. தண்டில் துளை போட்டு மருந்து செலுத்துவது இன்னொரு வழி. ஆனால் அந்தத் துளையும் ஆறாதே! வருடா வருடம் புதுத் துளை போட்டால் மரம் எத்தனை வருடம் தாங்கும் என்பது நியாயமான கேள்வி. ஓட்டையைச் சிமெண்ட் வைத்துப் பூசினால் வெளியே அழகாகத் தெரியும், உள்ளே சதை திரும்பி வளராது. நம் வேளாண் அறிவுரையில் சொல்வது ரொம்ப எளிமை: பச்சை மட்டையை வெட்டாதீர்கள், வெட்டத்தான் வேண்டுமென்றால் தண்டிலிருந்து 120 செ.மீ. தள்ளி வெட்டுங்கள். அழகுக்காகத் தலையை ஒட்டச் சிரைத்துவிடும் நகராட்சிகள் வண்டுக்குக் கதவைத் திறந்து வைக்கின்றன.

ஸ்பெயினின் எல்சே நகரில் சுமார் 2 லட்சம் மரங்கள் கொண்ட பேரீச்சந்தோப்பு இருக்கிறது. முஸ்லிம் ஆட்சிக் காலத்து வாய்க்கால்களில் தண்ணீர் பாய்ந்து வளர்ந்த தோப்பு, 2000-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஐந்தே வருடத்தில் வண்டு அங்கேயும் வந்துவிட்டது. குருத்தோலை ஞாயிறுக்கு வெள்ளை ஓலை பின்னும் குடும்பங்களின் பிழைப்பும் அந்தத் தோப்பில்தான் இருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியம் 2007-இல் அவசர ஆணை போட்டது. மரம் விற்கவும் நகர்த்தவும் கட்டுப்பாடு, வண்டு விழுந்த மரத்தை அழிக்கக் கட்டாயம். ஒழிக்க முடியவில்லை என்று ஆகி, 2018-இல் அந்த ஆணையையே விலக்கிக்கொண்டார்கள். ஆனால் கேனரித் தீவுகளில், அந்த மரத்தின் சொந்த ஊரில், வேறு மாதிரி நடந்தது. 2005-இல் வண்டு தெரிந்ததும் வெளியிலிருந்து பனை கொண்டுவருவதை நிறுத்தினார்கள். பொறி வைத்து, மரம் மரமாகப் பார்த்து, விழுந்ததை வெட்டி அழித்தார்கள். பத்து வருடத்துக்கு மேல் இந்த வேலை நடந்து, 2016-இல் வண்டு ஒழிந்தது என்று அறிவித்தார்கள்.