பெல்மார்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வரை ஒட்டிய லேக்வுட் நகரிலுள்ள திறந்தவெளி வணிக, குடியிருப்புப் பகுதி. இதே நிலத்தில் 1966இல் ‘வில்லா இத்தாலியா’ என்ற மூடிய பேரங்காடி திறக்கப்பட்டது. லேக்வுட் நகராட்சியாக அமைந்ததே 1969இல்தான். கடைத்தெரு என்று எதுவும் இல்லாத அந்த ஊருக்கு நெடுங்காலம் இந்த மாலே நகர மையமாக இருந்தது. புதிய மால்கள் வாடிக்கையாளர்களை இழுத்துக்கொள்ள, 1990களில் கடைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. 2001இல் அது மூடப்பட்டது.

இப்படி மூடப்பட்ட மாலைப் புதுப்பிக்க, கூரையை மட்டும் பிரித்து முகப்பை மாற்றுவது பல ஊர்களில் நடக்கும் மலிவான வழி. ஆனால் லேக்வுட்டில் நகராட்சியும் கான்டினியூம் பார்ட்னர்ஸ் நிறுவனமும் கட்டடத்தின் பெரும்பகுதியை இடித்தன. சுமார் 104 ஏக்கர் நிலத்தை 22 தெருத்தொகுதிகளாகப் பிரித்து, பொதுச் சாலைகள் போட்டு, கீழே கடை, மேலே வீடு அல்லது அலுவலகம் என்று கட்டினார்கள். முதற்கட்டம் 2004இல் திறக்கப்பட்டது. நடுவிலுள்ள சதுக்கம் குளிர்காலத்தில் பனிச்சறுக்குத் தளமாகிறது. கடைகள் மாறினாலும் தெருக்கள் நிலைக்கும் என்பதே இத்திட்டத்தின் உண்மையான பலம். ஆனாலும் கார் நிறுத்தும் அடுக்குமாடிகள் இல்லாமல் இதுவும் இயங்கவில்லை.