யாரிடமிருந்து யார் கற்பது?

1862-இல் டால்ஸ்டாய் ஒரு கையெழுத்துப் பிரதியைத் தொலைத்தார். அது அவர் மட்டும் எழுதியதல்ல. யாஸ்னயா பொல்யானாவில் அவர் நடத்திய பள்ளியின் விவசாயப் பிள்ளைகள் இரண்டு பேர் அவரோடு உட்கார்ந்து எழுதிய கதை. அவர் ஊரில் இல்லாத நாட்களில், காகிதத்தில் விளையாட்டுச் சாமான் செய்யும் மோகம் பள்ளியில் பரவியிருந்தது. அதில் இந்தக் கதையும் போய்விட்டது. அவர் முகம் வாடியதைப் பார்த்த அந்த இரண்டு பையன்களும், ஃபெத்காவும் சியோம்காவும், ஒரு இரவு அவருடைய அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து, சிரித்துப் பேசியபடியே மறுபடி எழுதிக் கொடுத்தார்கள். யாரும் வீட்டுப்பாடம் கொடுக்கவில்லை. உண்மையில் அந்தப் பள்ளியில் வீட்டுப்பாடம் என்ற ஒன்றே கிடையாது.

பள்ளி தொடங்கியது 1859-இல். அடுத்த வருடம் டால்ஸ்டாய் ஐரோப்பா கிளம்பினார். ஜெர்மனி, பிரான்ஸ், இங்கிலாந்து, பெல்ஜியம் என்று போன இடமெல்லாம் பள்ளிகளைப் பார்த்தார். மார்சேயில் அவர் கண்ட பள்ளிகளில் பிள்ளைகள் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்திருந்தார்கள். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் முழித்தார்கள். ஆனால் அதே ஊரின் தொழிலாளர்கள் விவரமானவர்களாகவும் புத்திசாலிகளாகவும் இருந்தார்கள். இவர்கள் எங்கே படித்தார்கள்? டால்ஸ்டாய் ஊரைச் சுற்றிப் பார்த்து விடை கண்டுபிடித்தார். மலிவு விலையில் விற்ற டூமாவின் நாவல்கள், அருங்காட்சியகங்கள், பட்டறைகள், பாட்டும் நாடகமும் நடக்கும் காப்பிக்கடைகள். நகரமே அவர்களுக்குப் பள்ளியாக இருந்தது.

இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு விடுதி மொட்டைமாடி ஞாபகம் வரும். பொறியியல் வகுப்பில் ஒரு செமஸ்டர் முழுக்கக் கேட்டும் மண்டையில் ஏறாத பாயின்டர், பக்கத்து அறைக்காரன் தன் கிரிக்கெட் ஸ்கோர் புரோகிராமைக் காட்டி, "டேய், இங்க பாரு, இது வெறும் அட்ரஸ்தான்டா" என்று சொன்ன பத்து நிமிடத்தில் புரிந்துவிட்டது. இன்றைக்கும் அதில்தான் என் சம்பளம் ஓடுகிறது.

டால்ஸ்டாய் மார்சேயைத் தன் கிராமத்தில் உருவாக்கப் பார்த்தார். பதிவேட்டில் சுமார் நாற்பது பிள்ளைகள். காலையில் மணியடித்ததும் பனியில் நடந்து வருவார்கள். கையில் புத்தகம், நோட்டு எதுவும் இருக்காது. பெஞ்சு, மேசை, ஜன்னல் விளிம்பு, தரை என்று எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். ஒரே ஊர்க்காரர்கள், கூட்டாளிகள் ஒன்றாகச் சேர்ந்துகொள்வார்கள். பாடம் பிடித்துப்போனால் மணி கடந்தும் நடக்கும், பிடிக்காவிட்டால் எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம். வரலாற்றைப் பழங்காலத்திலிருந்து வரிசையாகச் சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. 1812-இல் நெப்போலியன் படையெடுத்து வந்ததைக் கதையாகச் சொன்னபோது வகுப்பே கொதித்தது.

இதை இலட்சியப் பள்ளி என்று நாம் கொண்டாடிவிடக் கூடாது. அங்கே திருட்டு நடந்தது. என்ன தண்டனை என்று பிள்ளைகளிடமே விட்டபோது, 'திருடன்' என்று எழுதிச் சட்டையில் தைக்கச் சொன்னார்கள். டால்ஸ்டாயும் சம்மதித்தார். அந்தப் பையன் மறுபடி திருடினான், மறுபடி அதே சீட்டு. அப்போதுதான் அவன் முகத்தை நன்றாகப் பார்த்தார். தாங்கமுடியாமல் சீட்டைக் கிழித்துப்போட்டு, எங்கே வேண்டுமானாலும் போ என்று அனுப்பினார். தண்டிக்கும் உரிமை தனக்கு எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்டுக்கொண்டதை, எதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். நட்பு கற்றுத்தரும், அதே நட்புக்கூட்டம் ஒருவனை ஒதுக்கவும் செய்யும். பிள்ளைகளிடம் விட்டுவிடு என்று சுலபமாகச் சொல்பவர்கள் இந்தப் பையனை மறந்துவிடுகிறார்கள்.

அந்தத் தொலைந்த கதைக்கு வருவோம். சோறு போட்டுவிட்டுச் சொல்லிக்காட்டுகிறவனைப் பற்றிய ஒரு பழமொழியைக் கொடுத்துக் கதை எழுதச் சொன்னார். யாருக்கும் வரவில்லை. சரி என்று அவரே எழுத ஆரம்பித்தார். பிள்ளைகள் தோளுக்கு மேலாக எட்டிப்பார்த்துத் திருத்த ஆரம்பித்தார்கள். அவசரமாக வரும் ஒரு பாத்திரம் பெண்பிள்ளைக் கோட்டைப் போட்டிருக்க வேண்டும் என்று ஃபெத்கா அடம்பிடித்தான். ஆண் கோட்டு ஆகாதா? ஆகாது. அந்த ஒரு கோட்டில் மொத்த வீடும் கண்முன் வந்துவிட்டது. டால்ஸ்டாய்க்குப் பயமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. விவசாயப் பிள்ளைகளுக்கு நாம் எழுதக் கற்றுத்தருவதா, அவர்களிடம் நாம் கற்பதா என்ற கேள்வியையே தலைப்பாக்கி ஒரு கட்டுரை எழுதினார். 1861 வரை அந்தப் பிள்ளைகளின் குடும்பங்கள் பண்ணையடிமைகள் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். கேட்டவர் பண்ணையார்.

பள்ளி அதிக நாள் நீடிக்கவில்லை. ஆசிரியர்களாக வந்திருந்த மாணவர்கள் மேல் அரசுக்குச் சந்தேகம். 1862 ஜூலையில், டால்ஸ்டாய் சமாராவில் இருந்தபோது, போலீஸ் வந்து ரகசிய அச்சகம் தேடி வீட்டைப் புரட்டிப்போட்டது. எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் அவருக்கு மனசு விட்டுப்போயிற்று. செப்டம்பரில் திருமணம். பள்ளி மூடப்பட்டது.

1910-இல் ஜோஹன்னஸ்பர்க் அருகே, காலன்பாக் கொடுத்த நிலத்தில், காந்தி டால்ஸ்டாய் பெயரில் ஒரு பண்ணை தொடங்கினார். அங்கே அவரிடம் படித்தவர்களில் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்தவர்கள், தமிழ் எழுத்து தெரியாது. காந்தி எழுத்தும் கொஞ்சம் இலக்கணமும் சொல்லிக்கொடுத்தார். பேச்சுத் தமிழில் அவர்கள்தான் கெட்டி. ஆங்கிலம் தெரியாத தமிழர்கள் காந்தியைப் பார்க்க வந்தால் அந்தப் பிள்ளைகளே மொழிபெயர்த்தார்கள். தன் அறியாமையை மாணவர்களிடம் மறைக்க முயன்றதே இல்லை என்று காந்தி சுயசரிதையில் எழுதுகிறார்.

அலுவலகத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை இப்போது என்னிடம். நூற்று இருபது ஸ்லைடு தயாராக இருக்கிறது. திங்கட்கிழமை அதைத் திறப்பதற்கு முன்னால், நீங்கள் என்ன செய்து பார்த்திருக்கிறீர்கள் என்று கேட்டுப்பார்க்கலாம் என்றிருக்கிறேன்.