ஒதுக்கப்பட்டவர் கதையை யார் எழுதுவது?

வரலாறு என்றதும் அரசரும் அமைச்சரும்தான் நம் நினைவுக்கு வருகிறார்கள். ஒதுக்கப்பட்டவர்களின் கதையை யார் எழுதி வைப்பது?

ஆங்கிலேயர் விட்டுச்சென்ற 377ஆம் பிரிவு இன்றும் நடப்பில் உள்ள நாடு நம்முடையது. இங்கே 2008இல், கோலாலம்பூர் சென்ட்ரல் மார்க்கெட்டின் அனெக்ஸ் கலைக்கூடத்தில் 'செக்சுவாலித்தி மெர்டேக்கா' விழா தொடங்கியது. பாங் கீ தெய்க், ஜெரோம் குகன் இருவரும் தொடக்கி வைத்தார்கள். ஒருபால் ஈர்ப்பு கொண்டோரும் திருநங்கையரும் அங்கே வெறும் பார்வையாளர்கள் அல்லர். பேசினார்கள், நடித்தார்கள். 2010இல் சிலர் காமிரா முன் அமர்ந்து தங்கள் வாழ்க்கையைத் தாங்களே சொன்னார்கள். அதற்குக் கொலை மிரட்டலும் வந்தது.

2011 நவம்பரில் போலீஸ் விழாவைத் தடை செய்தது. அதைத் திறந்து வைக்கவிருந்த டத்தோ அம்பிகா சீனிவாசனையும் விசாரித்தது.

தமிழகத்தில் ரேவதி, திருநங்கையரின் வாழ்க்கைக் கதைகளைத் திரட்டி 2004இல் 'உணர்வும் உருவமும்' என்று நூலாக்கினார். அந்தக் குரல்கள் இன்றும் கையில் இருக்கின்றன.

பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் எத்தனையோ குடும்பங்களில், தாத்தா பாட்டியின் தோட்டத்துக் கதைகள் எழுதப்படாமலே போயின. அந்த வருத்தம் தெரிந்த நாம், நம் வீட்டுப் பிள்ளை தன் கதையைச் சொல்ல வரும்போது வாயை அடைக்கலாமா? முதலில் உட்கார்ந்து கேட்போம்.