மந்தக் கண்ணின் வரலாறு

ஒரு பிள்ளை கண் வைத்தியரிடம் அழைத்து வரப்படுகின்றது. கண்ணின் வில்லை பளிங்குபோலத் தெளிவாயிருக்கின்றது. விழித்திரையில் நோயில்லை, நரம்பிலும் பழுது காணப்படவில்லை. ஆயினும், பொருத்தமான மூக்குக்கண்ணாடி அணிவித்த பின்னரும், ஒரு கண்ணினால் மட்டும் பெரிய எழுத்துகளையும் வாசிக்க இயலவில்லை. நோயாளிக்கும் ஒன்றும் தெரிவதில்லை, பார்க்கும் வைத்தியருக்கும் ஒன்றும் தெரிவதில்லை என்று வைத்தியர்கள் நெடுங்காலமாகப் பரிகாசமாய்ச் சொல்லிவந்த நிலை இதுவே.

மேனாட்டு வைத்திய நூல்கள் இதனை அம்பிளியோப்பியா என்கின்றன. மழுங்கிய பார்வை என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். தமிழில் மந்தக் கண் என்றும் சோம்பற் கண் என்றும் வழங்குவர். நூறு பேரில் இருவர் முதல் நால்வர் வரை இக்குறை உடையவராயிருப்பர். ஊரிலே வாக்குக்கண் என்று சொல்லப்படும் மாறுகண் உள்ள பிள்ளைகளுக்கும், இரு கண்களின் பார்வைத் திறன் பெரிதும் வேறுபட்ட பிள்ளைகளுக்கும், பிறவியிலேயே ஒரு கண்ணிற் புரை படர்ந்தவர்களுக்கும் இது வருகின்றது. சோம்பல் என்ற பெயர் அந்தக் கண்ணுக்கு இழைக்கப்பட்ட அநீதி என்பதை அறிவுலகம் உணர்வதற்கு மிக நீண்ட காலம் சென்றது.

மருந்து முதலிற் கிடைத்தது. காரணம் பின்னரே கிடைத்தது. பிரான்சிய அரசரின் தாவரப் பூங்காவுக்குப் பொறுப்பாயிருந்த இயற்கை நூலறிஞர் புஃபோன், 1743ஆம் ஆண்டிலே மாறுகண்ணைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மாறுகண் உடையவரின் இரு கண்களும் சம வலிமை உடையனவல்ல என்பதையும், வலிமை குன்றிய கண்ணே விலகிப் பார்க்கின்றது என்பதையும் அவர் எடுத்துக் காட்டினார். நல்ல கண்ணைச் சில காலம் மூடிவைத்து, மந்தக் கண்ணை வேலை செய்ய விடுதலே அவர் கூறிய பரிகாரம். அவருக்கு முன்னரும் சிலர் இதனைக் கூறியதுண்டு. இன்றும் பிள்ளைகளின் நல்ல கண்ணின் மீது ஒட்டப்படும் மறைப்பு அந்தப் பழைய வைத்தியமேயாகும். அது ஏன் பயன் தருகின்றது என்பதற்கு விடை கிடைக்க மேலும் 220 ஆண்டுகள் கழிந்தன.

இடையிலே வேறொரு கேள்வி எழுந்தது. கண் இரண்டாயிருப்பதனால் மனிதனுக்கு என்ன பயன்? ஒரு விரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடியும் மறு கண்ணை மூடியும் பார்த்தால், விரல் இடம் பெயர்வதுபோலத் தோன்றும். இரு கண்களும் காணும் காட்சிகள் ஒன்றல்ல என்பது பண்டைக் காலத்திலேயே அறியப்பட்ட செய்தி. ஆனால், அவ்வேறுபாடு பார்வைக்கு ஓர் இடையூறு என்றே பலர் கருதினர். இலண்டன் கிங்ஸ் கல்லூரிப் பேராசிரியர் சாள்ஸ் வீற்ஸ்ரன் 1838இல் றோயல் சங்கத்துக்கு அளித்த கட்டுரையில் இக்கருத்தைத் தலைகீழாக்கினார். இரண்டு கண்ணாடிகளைச் சாய்வாக நிறுத்தி, சிறிதளவே வேறுபட்ட இரண்டு கோட்டுச் சித்திரங்களை ஒவ்வொரு கண்ணுக்கும் ஒவ்வொன்றாகக் காட்டினார். தட்டையான கோடுகள் திரண்ட பொருளாக எழுந்து நின்றன. இடையூறு என்று எண்ணப்பட்ட வேறுபாட்டிலிருந்தே மூளை ஆழத்தைக் கணிக்கின்றது என்பது அன்று புலனாயிற்று. புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே அடுத்த ஆண்டிலேதான் என்பதை நினைக்கும்போது, வெறுங் கோடுகளைக் கொண்டு அவர் இதனை நிறுவியமை வியப்புக்குரியது.

அவருடைய கருவி விரைவில் வீட்டுக் கூடங்களில் விளையாட்டுப் பொருளாயிற்று. அதனை வைத்தியத்துக்குத் திருப்பியவர் பிரான்சியரான எமீல் ஜவால். முதலிற் சுரங்கப் பொறியியல் கற்ற இவரைக் கண் வைத்தியத்தின்பால் ஈர்த்தது சொந்தக் குடும்பத்தின் துன்பமே. தந்தைக்கும் மாறுகண், தங்கைக்கும் மாறுகண். கத்தியை நாடாமல், நல்ல கண்ணை மூடியும், இரட்டைச் சித்திரங்களைக் காட்டிப் பயிற்றியும் தங்கையின் இரு கண்களையும் ஒருங்கு சேர்க்க அவர் பெரிதும் முயன்றார். பிற்காலத்தில் நீரழுத்த நோயினால் அவரே பார்வையிழந்தார். அப்போதும் எழுதுவதை விட்டாரல்லர்.

ஆயினும், இவர்களில் எவரும் மூளைக்குள்ளே நிகழ்வதைக் கண்டவரல்லர். அதனைக் கண்டவர்கள் டேவிட் ஹியூபல், டோர்ஸ்டன் வீசல் என்னும் இருவர். 1958இல் பால்டிமோரிலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒன்றுசேர்ந்த இவர்கள், அடுத்த ஆண்டு ஹார்வார்ட் பல்கலைக்கழகத்துக்குச் சென்றனர். மயக்கமுற்ற பூனையின் மூளையிலே மெல்லிய மின்வாயைச் செலுத்தித் தனித்தனி நரம்புக் கலங்களின் துடிப்பைக் கேட்டனர். கண்ணாடித் தகட்டிலிருந்த கரும்புள்ளியைக் காட்டியபோது ஒரு கலம் அசையவில்லை. தகட்டை மாற்றும்போது அதன் விளிம்பின் மங்கலான நிழல் திரையிலே நகர்ந்தது; அக்கலம் உடனே படபடவென்று ஒலித்தது. பார்வைக்குரிய மூளைக் கலங்கள் கோடுகளையும் அவற்றின் சாய்வையும் தேடுகின்றன என்பது இவ்வாறு தற்செயலாக வெளிப்பட்டது. அக்கலங்களிற் பெரும்பாலானவை இரு கண்களின் செய்திக்கும் செவிசாய்ப்பவை என்பதையும் அவர்கள் கண்டனர்.

பின்னர் வந்ததே முக்கியமான சோதனை. பிறவிப் புரையைப் பல ஆண்டுகள் கழித்து அகற்றினாலும் பிள்ளைக்குப் பார்வை திரும்புவதில்லை. முதியவருக்குப் புரையை அகற்றினாற் பார்வை திரும்புகின்றது. இவ்வேற்றுமை ஏன்? கண் திறக்கும் பருவத்துப் பூனைக்குட்டிகளின் ஓர் இமையைத் தைத்து மூடி, இரண்டு மூன்று மாதங்களின் பின் திறந்து பார்த்தனர். கண் நன்றாகவே இருந்தது. விழித்திரையும் ஒளிக்கு உரிய விடையளித்தது. ஆனால், மூளையின் மேற்பட்டையில் ஏறக்குறைய எல்லாக் கலங்களும் திறந்திருந்த கண்ணின் வசமாகிவிட்டன. வளர்ந்த பூனையின் கண்ணை மூன்று மாதம் மூடிவைத்தபோதோ எக்கேடும் விளையவில்லை. இம்முடிவுகள் 1963இல் வெளிவந்தன.

இரண்டு ஆண்டுகளின் பின் வெளியிட்ட சோதனை மேலும் வியப்பூட்டியது. இரு கண்களையும் ஒருங்கே மூடினால் இருமடங்கு கேடு விளைய வேண்டுமல்லவா? அவ்வாறு விளையவில்லை. பல கலங்கள் இரு கண்களுக்கும் விடையளித்தன. ஆகவே, மந்தக் கண் உழைக்காமற் சோம்பியிருந்த கண் அன்று. மூளையில் இடம் பிடிக்கும் போட்டியிலே தோற்ற கண். வென்றவனைச் சிறிது காலம் ஒதுக்கி வைத்தாலன்றித் தோற்றவனுக்கு இடம் கிடையாது. புஃபோனின் மறைப்பு ஏன் பயன் தந்தது என்பதும் அப்போதுதான் விளங்கிற்று.

வாயில்லாச் சீவன்களின் இமைகளைத் தைத்த செயல் மனத்தை உறுத்தாமலிராது. அதனைக் கண்டித்தவர்களும் உளர். எனினும், பிறவிப் புரையுள்ள குழந்தைக்கு இன்று பிறந்த சில வாரங்களிலேயே சத்திரசிகிச்சை செய்யப்படுவது அச்சோதனைகளின் பயனே என்பதையும் மறுப்பதற்கில்லை.

அதே 1963ஆம் ஆண்டில், றிச்சேட் ஹெல்ட், அலன் ஹைன் என்னும் வேறு இருவரும் பூனைக்குட்டிகளைக் கொண்டு மற்றொரு கேள்வியைக் கேட்டனர். கண்ணாற் காண்பது மட்டும் போதுமா, காணும்போதே தானாக இயங்கவும் வேண்டுமா? பத்துச் சோடிக் குட்டிகள் இருளில் வளர்க்கப்பட்டன. நாள்தோறும் மூன்று மணி நேரம் மட்டும் வெளிச்சத்தில் ஒரு சிறு குடைராட்டினம் போன்ற அமைப்பில் விடப்பட்டன. ஒரு குட்டி தன் காலால் நடந்து சுற்றியது. மற்றையது தொட்டிலில் இருந்தபடி, நடக்கும் குட்டியின் அசைவினால் இழுபட்டுச் சுற்றியது. இரண்டும் கண்டது ஒரே கோடிட்ட சுவரைத்தான். நடந்த குட்டி, தரையை நெருங்கும்போது பாதத்தை நீட்டிற்று. பள்ளத்தைக் கண்டால் விலகிற்று. தொட்டிற் குட்டியோ கண்ணிருந்தும் இவற்றைச் செய்ய அறியவில்லை. ஆனால், அதனை வெளிச்சமான அறையில் இரண்டு நாள் தன்போக்கில் உலாவ விட்டபோது அத்திறமைகள் வந்துவிட்டன.

இவ்விரு சோதனைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும். இயக்கமின்மையால் வந்த குறை இரண்டு நாளிலே நீங்கிற்று. போட்டியிலே தோற்றதனால் வந்த குறை கண்ணைத் திறந்துவிட்ட பின்னரும் நீங்கவில்லை. பார்வையின் எல்லாப் பகுதிகளும் ஒரே கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டவையல்ல. கையின் தொழிலிலும் இக்குறையின் சாயல் உண்டு. மந்தக் கண்ணுடைய வளர்ந்தோர் சிறு பொருள்களை எட்டிப் பிடிப்பதை 2007இல் இலண்டனில் சைமன் கிராண்டும் உடனாய்வாளரும் அளந்தனர். இரு கண்களும் திறந்திருந்தபோதும் அவர்களின் கை இறுதி நெருக்கத்திலே தயங்கிற்று. பிடியில் தவறுகள் மிகுந்தன.

ஹியூபல், வீசல் இருவரும் 1981இல் நோபல் பரிசு பெற்றனர். பூனைக்குட்டியின் நெருக்கடிப் பருவம் நான்காம் வாரத்திலிருந்து மூன்றாம் மாதம் வரை என்று அவர்கள் கணித்திருந்தனர். மனிதனுக்கும் அவ்வாறே ஒரு கதவு உண்டு, ஆறேழு வயதுக்குப் பின் அது அடைபட்டுவிடும் என்று பலர் முடிவு கட்டினர். காலம் கடந்துவிட்டது என்ற ஒரு சொல்லோடு எத்தனையோ பிள்ளைகள் திருப்பி அனுப்பப்பட்டனர். சோதனை சொன்னதைவிட அதன் பெயரால் மற்றவர்கள் சொன்னதே அதிகமாயிற்று.

2005இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வொன்று இதனை அசைத்தது. 7 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளில், மூக்குக்கண்ணாடியோடு மறைப்பும் மருந்தும் பெற்றோரில் 53 சதவீதத்தினர் தெளிவான முன்னேற்றம் கண்டனர். கண்ணாடி மட்டும் பெற்றோரில் அது 25 சதவீதமே. சூசன் பாரி என்னும் நரம்பியலறிஞரின் கதையும் அக்காலத்ததே. குழந்தைப் பருவம் முதல் மாறுகண் உடையவர். இரு கண்களிலும் பார்வை இருந்தும் அவற்றைச் சேர்த்துப் பார்க்க இயலாதவர். கல்லூரியில் பூனைக்குட்டிச் சோதனைகளைப் பற்றிக் கேட்டபோதே தமக்கு ஆழப் பார்வை இல்லையென்பதை அறிந்தவர். 2002இல், 48ஆம் வயதில், கண் பயிற்சியின் பின்னர் மோட்டார் வண்டியில் ஏறியமர்ந்தபோது, கைத்திருப்பி தமக்கு முன்னே வெளியில் எழுந்து நிற்பதை அவர் கண்டார். எல்லோருக்கும் அவ்வாறு வாய்க்கும் என்று எவரும் உறுதி கூற இயலாது. இளமையிற் கண்டுபிடித்தலே இன்றும் சிறந்த வழி. மூன்று முதல் ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் நடுத்தரமான குறைக்கு நாளொன்றுக்கு இரண்டு மணி நேர மறைப்பு, ஆறு மணி நேரத்துக்கு ஈடாயிற்று என்பது 2003இலேயே காட்டப்பட்டது.

தொட்டிற் குட்டியைக் கண்ட றிச்சேட் ஹெல்ட் 88 வயதிலும் இக்கேள்வியை விட்டாரல்லர். பவன் சின்ஹாவுடனும் பிறருடனும் சேர்ந்து, புது டில்லியிற் சத்திரசிகிச்சையால் முதன்முறையாகப் பார்வை பெற்ற, 8 முதல் 17 வயது வரையுள்ள ஐவரை அவர் ஆராய்ந்தார். முடிவு 2011இல் வெளியாயிற்று. கையாற் தடவி அறிந்த பொருளைக் கண்ணாற் கண்டு இனங்காண அவர்களால் முதலில் இயலவில்லை. சிலரை மீண்டும் சோதித்தபோது, ஒரு வாரமளவிலேயே கையும் கண்ணும் ஒன்றையொன்று அறியத் தொடங்கியிருந்தன.