மரபு வேறுபாடு: காவிரிக் கடைமடை நெல்

ஒரே ஜாதியைச் சேர்ந்த ஜீவன்களுக்குள் பிறவியிலேயே அமைந்து சந்ததிதோறும் தொடரும் பேதங்கள் மரபு வேறுபாடு எனப்படும். இஃது இல்லாதவிடத்து, 1859-இல் டார்வின் விரித்துரைத்த இயற்கைத் தேர்வு தெரிந்தெடுப்பதற்கு ஏதுமின்றி நின்றுவிடும். அரசலாறு கடலிற் கலக்கும் காரைக்காலையும் நாகப்பட்டினத்தையும் உள்ளிட்ட கடைமடைக் கரையில், உவரேறிய வயலிற் பிற நெற்பயிர் கருகும் காலத்தும் குழியடிச்சான், களர்பாலை போன்ற நாட்டு நெல்வகைகள் தாங்கி விளைவது இதற்குப் பிரத்தியட்ச உதாரணமாகும். உப்பிலுள்ள சோடியத்தை இலைக்கு ஏறவிடாது தடுக்கும் சக்தி எல்லா நெல்லுக்கும் சமமாக வாய்ப்பதில்லை. வங்கத்து நோனா பொக்ரா நெல்லில் இதற்குக் காரணமான மரபணுவொன்று 2005-இல் இனங்காணப்பட்டது. உப்பே அத்தகைய மரபணுவைப் படைத்துவிடுகிறது என்று கருதுவது பெரும் பிழை. திரிபு தற்செயலாக முன்னரே நேர்ந்திருக்கிறது; உவர்நிலமோ, தாங்காத செடிகளை விதையின்றி மடியச்செய்து, தாங்கியவற்றின் வம்சத்தையே பெருகவிடுகிறது. நல்ல கதிரைப் பார்த்து விதைக்கு எடுத்துவைத்த உழவரின் கரமும் இதில் தலைமுறைகளாகச் சேர்ந்திருப்பதால், இதனை முற்றிலும் இயற்கையின் செயலென்று கூறுதலும் பொருந்தாது. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை இக்கரை வயல்களிற் கடல்நீரைப் பாய்ச்சியபோது இவ்வேறுபாட்டின் அருமை விளங்கிற்று. ஆதலின் இவ்விதைகளைக் குளிர்கிடங்கில் வைப்பதோடு அமையாது, கடைமடை வயலிலும் ஆண்டுதோறும் விதைத்துக் காத்தல் வேண்டும்.